நீர் காத்த கோட்டை, நீர் மகிழ்ந்த தோட்டம்
பரத்பூர் – டீக்: இரண்டு நாள் பயணம்

வட இந்தியச் சுற்றுலா என்றதும் பெரும்பாலோர் வகுக்கும் திட்டம் தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்னும் முக்கோணமாகவே அமைகிறது. ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கடந்ததும் பரத்பூர் வருகிறது. ஃபதேபூர் சிக்ரியைக் கண்ட களைப்பில் பயணிகள் பலர் இவ்வூரை வண்டியின் சன்னல் வழியே பார்த்தவாறு கடந்துவிடுகின்றனர். பறவைகள் மீது ஆர்வம் கொண்ட சிலர் மட்டுமே இறங்குகின்றனர். ஆனால், அகழி சூழ்ந்த கோட்டை, அழகிய தோட்டம், அருங்காட்சியகம் ஆகிய மூன்றையும் கூட்ட நெரிசலின்றிக் காண விரும்புவோர் இரண்டு நாள்களை ஒதுக்க வேண்டிய இடம் இதுவே. பரத்பூரில் உள்ள லோகாகட் கோட்டையையும், அதற்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டீக் அரண்மனைகளையும் கண்டு திரும்பிய அனுபவத்தை நம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

இரும்பு இல்லாத இரும்புக் கோட்டை

லோகாகட் என்பதற்கு இரும்புக் கோட்டை என்று பொருள். பெயரைக் கேட்டு, மலை உச்சியில் வானளாவ நிற்கும் கல்மதில்களை எதிர்பார்த்து வருவோர் முதற்பார்வையில் சற்று ஏமாற்றம் அடையக்கூடும். சித்தூரைப் போலவோ ஜோத்பூரைப் போலவோ இங்கு மலை கிடையாது. எங்கும் சமவெளி, அதிலும் மழைநீர் தானே வந்து தேங்கும் தாழ்நிலம்.

ஒரு நாட்டின் அரணுக்கு நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் வேண்டும் என்பது திருக்குறள் கூறும் இலக்கணம். இவற்றுள் மலையை இயற்கை இந்நாட்டுக்கு வழங்கவில்லை. ஆகவே, இதனை ஆண்ட ஜாட் மன்னர்கள் கையில் இருந்த மண்ணையும் நீரையும் கொண்டே தங்கள் அரணை அமைத்தனர். டீக்கைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர் பதன் சிங். அவருக்குப் பின் 1756-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சூரஜ் மல், இளவரசராக இருந்த காலத்திலேயே, 1730-களில் பரத்பூர்க் கோட்டையின் பணியைத் தொடங்கிவிட்டார். முகலாயப் பேரரசு தளர்ந்து, மராத்தியரும் ஆப்கானியரும் தில்லியைச் சுற்றிப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சிறிய அரசு ஒன்று நிலைத்து நிற்க வேண்டுமானால், பெரிய படையைக் காட்டிலும் நல்ல அரணே தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஊரைச் சுற்றி மிகத் தடித்த மண்மதில் எழுந்தது. அதற்குள்ளே உட்கோட்டையும், அதனைச் சுற்றி ஆழமான அகழியும் அமைந்தன. இவ்வகழிக்கு சுஜான் கங்கா என்று பெயர். ஊருக்கு வெளியே உள்ள மோதி ஜீல் என்னும் ஏரியிலிருந்து நீரைத் திறந்துவிட்டு அகழியை நிரப்ப வழி செய்திருந்தனர். கல்மதிலின் மீது பீரங்கிக் குண்டு விழுந்தால் கல் பிளக்கும். தொடர்ந்து விழுந்தால் மதில் சரியும். மண்மதிலின் மீது விழும் குண்டோ உள்ளே புதைந்துபோகும். பகலில் ஏற்படும் பள்ளத்தை இரவோடு இரவாக மண் கொட்டி அடைத்துவிடலாம். இரும்புக் கோட்டை என்ற பெயரை இக்கோட்டைக்குப் பெற்றுத் தந்தது இந்த எளிய மண்தான்.

நான்கு முறை தோற்ற படை

இந்த அரணின் வலிமையை உலகம் அறிந்தது 1805-ஆம் ஆண்டில். மராத்தியத் தலைவர் யஷ்வந்த் ராவ் ஹோல்கர், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் போரிட்டுக்கொண்டிருந்தார். 1804 நவம்பர் 13-இல் டீக் அருகே பெரும் போர் நடந்தது. அவ்வாண்டின் டிசம்பர் இறுதியில் டீக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. பரத்பூரில் அடைக்கலம் புகுந்த ஹோல்கரை ஒப்படைக்க, அப்போதைய மன்னர் ரஞ்சித் சிங் மறுத்துவிட்டார். இவர் பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங் அல்லர். சூரஜ் மல்லின் மகன்.

ஜெனரல் லேக் தலைமையில் வந்த படை ஜனவரி 9, ஜனவரி 21, பிப்ரவரி 20, பிப்ரவரி 21 ஆகிய நாள்களில் நான்கு முறை கோட்டையைத் தாக்கியது. நான்கு முறையும் தோற்றது. பீரங்கிகள் மதிலில் திறப்பை ஏற்படுத்தினாலும், அதனை எட்டுவதற்கு அகழி குறுக்கே நின்றது. இரண்டாவது தாக்குதலின்போது அகழியைக் கடப்பதற்கென்றே செய்து கொண்டுவந்த பாலம் நீளம் போதாமல் பயனற்றுப் போயிற்று. உயிரிழந்தோரும் காயமுற்றோருமாக ஆங்கிலேயப் படை 3,000-க்கும் மேற்பட்டோரை இழந்தது. ஏப்ரல் மாதத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு முற்றுகை கைவிடப்பட்டது. அந்நாளில் இந்தியாவின் பெரும் பகுதியில் வெற்றி மேல் வெற்றி கண்டுவந்த கம்பெனிக்கு இது ஆறாத வடுவாக நிலைத்தது.

ஒரு கரையும் ஒரு முடிவும்

இருபது ஆண்டுகள் கழிந்தன. பரத்பூரில் அரசுரிமைப் பூசல் எழுந்தது. இளஞ்சிறுவரான பல்வந்த் சிங்கை ஒதுக்கிவிட்டு, துர்ஜன் சால் ஆட்சியைக் கைப்பற்றினார். சிறுவரின் சார்பில் என்று கூறிக்கொண்டு, 1825 டிசம்பரில் கோம்பர்மியர் பிரபு பெரும்படையுடன் வந்தார். முன்னவர் செய்த பிழையை அவர் செய்யவில்லை. மதிலைத் தாக்குவதற்கு முன்பே, அவர் அனுப்பிய முன்னணிப் படை மோதி ஜீல் ஏரியின் கரையைக் கைப்பற்றியது. ஏரியிலிருந்து அகழிக்கு நீர் பாயும் வழி அடைபட்டது. போதிய நீர் வந்து சேராததால் அகழியின் பெரும்பகுதி வறண்டே கிடந்தது.

அதன் பின் நடந்தவை எளிதில் ஊகிக்கத் தக்கவையே. வறண்ட அகழியைத் தாண்டி, மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினர். 1826 ஜனவரி 18-இல் கொத்தளம் ஒன்று வெடித்துச் சிதற, கோட்டை வீழ்ந்தது. மதிலும் வீரரும் 1805-இல் இருந்தவாறே இருந்தனர். உரிய நேரத்தில் நீர் மட்டும் வந்து சேரவில்லை. கோட்டையின் பாலத்தின் மீது நின்று அகழியை நோக்குவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

கோட்டைக்குள் காண வேண்டியவை

வடக்கு வாயிலுக்கு அஷ்டதாது வாயில் என்று பெயர். எட்டு உலோகக் கலவையால் ஆன இதன் கதவுகளை, சூரஜ் மல்லின் மகன் ஜவாஹர் சிங், 1760-களில் தில்லியின் மீது படையெடுத்தபோது அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார். இவை முன்னொரு காலத்தில் சித்தூரிலிருந்து தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டவை என்ற மரபுவழிச் செய்தியும் உண்டு. வாயிலின் இருபுறமும் வட்ட வடிவக் கொத்தளங்கள் காவல் நிற்கின்றன.

உள்ளே இரண்டு கொத்தளங்களைக் காண வேண்டும். தில்லி வெற்றியின் நினைவாக எழுந்தது ஜவாஹர் புர்ஜ். 1805-ஆம் ஆண்டு வெற்றியின் நினைவாக அமைந்தது ஃபதே புர்ஜ். ஜவாஹர் புர்ஜின் மேல் அரச மரபின் வரிசையைப் பொறித்த இரும்புத் தூண் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து நோக்கினால் ஊரின் முழுத் தோற்றமும் விரிகிறது. மாலை வேளையில் ஏறிச் சென்றால் காற்றும் இதமாக இருக்கும்.

அரண்மனைக் கட்டடங்களில் ஒன்றான கம்ரா காஸில் அரசு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. 1944-இல் தொடங்கப்பட்ட இது, இப்பகுதியின் கிராமங்களில் அகழ்ந்தெடுத்த கற்சிற்பங்களைத் தாங்கி நிற்கிறது. பரத்பூர் பண்டைய மதுராவுக்கு மிக அருகில் அமைந்தது. எனவே குஷாணர் காலம் முதலாகச் செதுக்கப்பட்ட செம்மணற்கல் சிற்பங்களை இங்குக் காணலாம். மன்னர்களின் வாள், கேடயம், துப்பாக்கி, சிறு பீரங்கி ஆகியன மற்றொரு பகுதியை நிறைக்கின்றன. எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தவை அரசிலையின் மீதும் அபிரகத் தகட்டின் மீதும் வரைந்த நுண்ணோவியங்கள். காய்ந்த இலையின் நரம்புகளுக்கு ஊறு நேராமல் தூரிகையை நகர்த்திய கையின் பொறுமையை எண்ணி வியந்தோம். அரச குடும்பத்தினரின் குளியல் மாடமும் இங்கேயே உள்ளது. அதன் சுவர் ஓவியங்களைத் தவறவிடாதீர்கள்.

மழைக்காக எழுந்த அரண்மனை

மறுநாள் டீக். இங்கும் அகழி சூழ்ந்த சதுரக் கோட்டை ஒன்று உண்டு. பன்னிரண்டு கொத்தளங்களுள் வடமேற்கு மூலையில் உள்ள லக்கா புர்ஜ் மிகப் பெரியது. அதன் உச்சியில் பீரங்கி ஒன்று இன்றும் கிடக்கிறது. ஆனால் டீக்கின் புகழ் கோட்டைக்கு வெளியே அமைந்த அரண்மனைத் தொகுதியால் வந்தது. பரத்பூர் தலைநகரான பின், டீக் மன்னர்களின் கோடைக்கால உறைவிடமாயிற்று. கொதிக்கும் வெயிலை மறக்கவும் மழையை வரவேற்கவும் சூரஜ் மல்லும் அவருடைய வழிவந்தோரும் இதனை உருவாக்கினர்.

மேற்கே கோபால் சாகர், கிழக்கே ரூப் சாகர் என இரண்டு குளங்கள். இவற்றுக்கு இடையே, நான்கு பகுதிகளாகப் பகுத்த முகலாயத் தோட்டம். நடுவே நீர்த்தொட்டி, நாற்புறமும் நடைபாதைகளும் ஊற்றுக் குழாய்களும். தோட்டத்தின் மேற்கில் கோபால் பவன், கிழக்கில் கேசவ் பவன், வடக்கில் நந்த பவன், தெற்கில் கிஷன் பவன் என நான்கு திசைக்கும் ஒரு மாளிகை முகம் காட்டி நிற்கிறது. தேன் நிற மணற்கல்லில் செதுக்கிய வளைந்த கூரை விளிம்புகள் வெயிலில் நிழலையும் மழையில் நீர்த்திரையையும் தருமாறு அமைந்துள்ளன.

கோபால் பவனின் பின்புறம் கோபால் சாகரின் நீருக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. எதிர்க்கரையிலிருந்து நோக்கினால், பெரிய படகு ஒன்று மிதந்து நிற்பதாகவே தோன்றும். அதன் இருபுறமும் சாவன், பாதோன் என்னும் இரண்டு சிறு மண்டபங்கள். இவை வடநாட்டு நாள்காட்டியில் மழை மாதங்களின் பெயர்கள். நம் கணக்கில் ஏறத்தாழ ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி அமைபவை. கட்டடத்துக்கு மாதத்தின் பெயரைச் சூட்டும் அளவுக்கு மழையை நேசித்த மக்கள் இவர்கள். ஆண்டின் பெரும்பகுதி மழையின்றி வாழ்வோருக்கே அந்த நேசத்தின் ஆழம் புரியும்.

தோட்டத்தின் முன்புறம் உயர்ந்த மேடை மீது பளிங்கு ஊஞ்சல் ஒன்று உள்ளது. தில்லி அரண்மனையிலிருந்து சூரஜ் மல் கொண்டுவந்த வெற்றிப்பொருள் அது எனக் கூறுகின்றனர்.

கேசவ் பவன் முற்றிலும் திறந்த மண்டபம். அதன் வளைவுகளைச் சுற்றி நீர்க்கால் ஓடுகிறது. விளிம்பெங்கும் நுண்ணிய நீர்த்தாரைகள். கூரைக்குள் அமைத்த தடங்களில் உருண்டைகள் நீரின் வேகத்தால் உருண்டோட, இடி முழங்குவது போன்ற ஒலி எழுமாம். மேலிருந்து மழை போல் நீர் சொரிய, கோடையின் நடுவே மன்னர் கார்காலத்தில் அமர்ந்திருப்பார். இன்று அந்த இடி முழங்குவதில்லை. அதற்கென அமைத்த கூரை மட்டும் நிற்கிறது.

ஏழு நாள் சேமிப்பு, சில மணி நேரச் செலவு

டீக்கில் நூற்றுக்கணக்கான நீரூற்றுகள் உள்ளன. மின்விசை இல்லாத காலத்தில் இவை எவ்வாறு இயங்கின? விடை கிஷன் பவனை ஒட்டி உயரத்தில் உள்ள பெரிய நீர்த்தொட்டியில் இருக்கிறது. மாளிகை ஒன்றின் கூரை உயரத்தில் அமைந்த இத்தொட்டியை நிரப்ப, கிணறுகளிலிருந்து எருதுகள் தோல் சால்களில் நீரை இறைத்தன. நம் கிராமங்களில் முன்பு வழங்கிய கமலை இறைப்பு போன்றதே இதுவும். எருதுகள் நாள்தோறும் இறைத்தாலும் தொட்டி நிரம்ப ஒரு வாரம் ஆகுமாம். திறந்துவிட்டாலோ சில மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும்.

தொட்டியின் சுவரில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு குழாய் வழியே தோட்டத்தின் ஏதோ ஒரு நீரூற்றுடன் இணைந்தது. எந்தத் துளையின் அடைப்பை எப்போது நீக்குவது என்பதை அறிந்த பணியாளர்கள் தேவைக்கேற்ப நீரைச் செலுத்தினர். விழா நாள்களில் வண்ணப்பொடி வைத்த சிறு துணிமுடிச்சுகளைத் துளைகளில் செருகுவர். ஊற்றுகள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பொங்கும். இன்றும் ஆண்டில் சில திருவிழா நாள்களில் மட்டுமே இவ்வூற்றுகள் இயங்குகின்றன. எஞ்சிய நாள்களில் அவை உறங்குகின்றன.

வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் இத்தொட்டி அயலாகத் தோன்றாது. துளித்துளியாகச் சேர்த்தல், சேர்த்ததைச் சிந்தாமல் காத்தல், எந்த வழிக்கு எவ்வளவு என்று முன்னரே வகுத்தல், உரிய நாளில் மனநிறைவுடன் செலவிடல் என்ற நான்கும் இங்கே கல்லிலும் நீரிலும் எழுதப்பட்டுள்ளன. மன்னர் எளிமையாக வாழ்ந்தார் என்பதன்று இதன் பொருள். ஆடம்பரத்துக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது என்பதே.

கோபால் பவனின் உட்புறம் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1970-களின் தொடக்கம் வரை அரச குடும்பத்தினர் இங்கு வந்து தங்கியதால், அறைகள் நேற்றுதான் வெறுமையாயின போலத் தோன்றுகின்றன. நாற்காலிகள், வேட்டையில் வீழ்ந்த விலங்குகளின் பாடம் செய்த உடல்கள், கூரையிலிருந்து தொங்கும் கைவிசிறி, கருங்கல் பலகைக் கட்டில், விருந்தினர் உண்ண அமைத்த வளைந்த உணவு மேசை என இந்திய, ஐரோப்பியப் பழக்கங்கள் ஒரே கூரையின் கீழ் கலந்து கிடக்கின்றன. சன்னல் ஒன்றின் அருகே நின்று கீழே நோக்கினால் கோபால் சாகரின் படித்துறையும், அங்குத் துணி துவைப்போரும், நீந்தும் சிறுவர்களும் தென்படுகின்றனர். அரண்மனையின் குளம் ஊராரின் குளமாகவும் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

நீருக்காகக் காத்திருக்கும் பறவைகள்

பரத்பூருக்குத் திரும்பி, மூன்றாவது இடமாகக் கேவலாதேவ் தேசியப் பூங்காவைக் கண்டால்தான் பயணம் முழுமை பெறும். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சதுப்பு நிலமும் சூரஜ் மல்லின் நீர்ப்பணியுடன் தொடர்புடையதே. கம்பீர், பாணகங்கா ஆறுகளின் நீரைத் தேக்க அவர் காலத்தில் எழுந்த அஜான் அணையே தாழ்நிலத்தில் நீர் பரவ வழி செய்தது. பிற்காலத்தில் இது மன்னர்களின் வாத்து வேட்டைக்களமாயிற்று. 1938 நவம்பரில் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் வருகையின்போது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டதைப் பூங்காவில் உள்ள கல்வெட்டு இன்றும் கூறுகிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி போன்றோரின் முயற்சியால் வேட்டைக்களம் புகலிடமாக மாறியது. 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்த பின், பூங்காவுக்கு வரும் நீர் பெரிதும் குறைந்தது. 2000-களில் சதுப்பு நிலம் காய்ந்து வெடித்த ஆண்டுகள் உண்டு. குளிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பின் இங்குக் காணப்படவில்லை. மேல்பகுதி உழவர்களுக்கும் நீர் தேவை. பறவைகளுக்கும் நீர் தேவை. இன்று குழாய்கள் வழியே சம்பல் ஆற்று நீரும், கோவர்த்தன் வடிகால் நீரும் பூங்காவுக்கு வந்து சேர்கின்றன.

பூங்காவுக்குள் எங்களை அழைத்துச் சென்ற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர், பயிற்சி பெற்ற வழிகாட்டியும் ஆவார். நீர்க்காகங்கள், நாரைகள், மஞ்சள் மூக்கு நாரைகளின் கூடுகள் என ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவரிடம், இவ்வாண்டு எப்படி என்று கேட்டோம். “தண்ணீர் வந்தால் பறவை வரும் ஐயா, பறவை வந்தால் நீங்கள் வருவீர்கள், நீங்கள் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பெரியும்” என்றார்.

அகழியின் இன்றைய நிலை

ஒரு காலத்தில் பகைவரைத் தடுத்த சுஜான் கங்கா, பல்லாண்டுகளாக ஊரின் கழிவுநீரைத் தாங்கி மாசடைந்துள்ளது. சில பகுதிகளில் பசும்படலம் நீரை மூடிக் கிடக்கிறது. தூய்மைப்படுத்தும் முயற்சிகள் அவ்வப்போது நடைபெறுகின்றன. ஆனால் கழிவுநீர் வந்து கலப்பது முற்றிலும் நின்றால்தான் அவை பயன் தரும். கரையோரத்து முதியவர்கள், தங்கள் இளமையில் இதில் குளித்ததை நினைவுகூர்கின்றனர்.

கோட்டையைக் காக்க அகழி. அகழியைக் காக்க ஏரிக்கரை. ஏரிக்கரையைக் காக்க விழிப்புள்ள மக்கள். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணியைப் பகைவர் பற்றியதும் 1826-இல் கோட்டை வீழ்ந்தது. இன்று பகைவர் எவரும் இல்லை. சங்கிலியைத் தாங்க வேண்டிய பொறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நீர்நிலை சூழ்ந்த பழைய ஊர் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் பாடம் இது.

பயணக் குறிப்புகள்

செல்லும் வழி: பரத்பூர் சந்திப்பு, தில்லி – மும்பை முதன்மை இருப்புப்பாதையில் மதுராவை அடுத்து அமைந்துள்ளது. தமிழகத்திலிருந்து செல்வோர் தில்லித் தொடர்வண்டிகளில் ஆக்ரா கண்டோன்மென்ட் வரை சென்று, அங்கிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ செல்லலாம். பரத்பூரிலிருந்தும் மதுராவிலிருந்தும் டீக்கிற்குச் சாலை வசதி உண்டு.

ஏற்ற காலம்: அக்டோபர் முதல் மார்ச் வரை வானிலை இதமானது, வலசைப் பறவைகளும் அப்போதே வரும். டீக்கின் மழைக்கால அழகைக் காண விரும்புவோர் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். டிசம்பர், ஜனவரி காலை வேளைகளில் மூடுபனியும் கடுங்குளிரும் இருக்கும். கம்பளி ஆடை அவசியம்.

நாள் பங்கீடு: முதல் நாள் காலை பூங்கா, பிற்பகல் கோட்டையும் அருங்காட்சியகமும். இரண்டாம் நாள் முழுவதும் டீக். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. தங்கும் விடுதியில் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நன்று.

கையில் இருக்க வேண்டியவை: தண்ணீர்ப் புட்டி, தொப்பி, தொலைநோக்கி, நடப்பதற்கேற்ற காலணி, அரசு அடையாள அட்டை. ரிக்‌ஷா ஓட்டுநர்களுக்கும் சிறு கடைகளுக்கும் கொடுக்கச் சில்லறைத் தாள்களையும் வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடங்களும் உண்டு.